பேச்சு குறைந்தவரோடு கடைசிவரை பேசுவது: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்பில் ஒரு முழுமையான வழிகாட்டி

குடல் புற்றுநோய் முற்றிய ஒருவரை, அவர் வாழ்ந்த பராமரிப்பு இல்லத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஐம்பதை நெருங்கும் வயது. டவுன் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே அறிவுசார் குறைபாட்டோடு வரும் நிலை. தோளில் எந்நேரமும் ஒரு துண்டு கிடக்கும். "வலிக்குதா?" என்று கேட்டால் சிரித்த முகமாக "இல்ல" என்பார். நான்கு நாள் அந்த "இல்ல"வை அப்படியே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ஐந்தாம் நாள் அவருடைய அக்கா வந்தார். கட்டிலருகே வருவதற்கு முன்பே, "எப்பலேர்ந்து துண்டைக் கையில சுத்திக்கிட்டிருக்கான்?" என்று கேட்டார். சின்ன வயதில் காது வலித்தபோதும், பல் சொத்தையானபோதும் அவர் அப்படித்தான் துண்டை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொள்வாராம். நான்கு நாளும் அது என் கண்ணெதிரே நடந்தது. அன்று சாயங்காலமே மருந்தின் அளவு கூட்டப்பட்டது. மறுநாள் காலை துண்டு தோளுக்குத் திரும்பியிருந்தது.

தீராத நோயில் இருக்கும் ஒருவரை, அவருக்கு அறிவுசார் குறைபாடும் இருக்கும்போது பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர், செவிலியர், இல்லப் பணியாளர், மருத்துவர் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். இதில் இரண்டு வேலைகள் உண்டு: அவர் சொல்வதைப் புரிந்துகொள்வது, அவருக்கு உண்மையைச் சொல்வது. இரண்டாவதைப் பற்றித்தான் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். முதல் வேலையில் பழகாதவர் இரண்டாவதில் கைவைக்கக் கூடாது என்பேன்.

இங்கிலாந்தில் 2013-ல் வெளியான ஒரு விசாரணை, அறிவுசார் குறைபாடு உள்ள 247 பேரின் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண்கள் 13 ஆண்டும், பெண்கள் 20 ஆண்டும் முன்னதாக இறந்திருந்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை தருவதிலும் ஏற்பட்ட தாமதம் அதில் பெரிய காரணம். "அவர் எப்பவும் இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்தில் எத்தனையோ நோய்கள் மறைந்துபோகின்றன. ஐரோப்பிய பாலியேட்டிவ் கேர் (நோய்த்தணிப்புப் பராமரிப்பு) சங்கம் 2015-ல் இவர்களுக்கான பராமரிப்பு நெறிகள் 13-ஐ வகுத்தபோது, சிகிச்சை சமமாகக் கிடைக்க வேண்டும் என்பதை முதலில் வைத்து, அடுத்த இடத்திலேயே தொடர்பாடலை வைத்தது. பேச்சு எட்டாத இடத்துக்கு மருந்தும் எட்டாது.

படி 1: அவருடைய அகராதியை எழுதி வையுங்கள்

நோய் முற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் "நிம்மதியாக இருக்கும்போது", வலப்பக்கம் "கஷ்டத்தில் இருக்கும்போது". முகம், கண், குரல், கை கால், உட்காரும் விதம், தூக்கம், சாப்பாடு, அவருக்கே உரிய பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் நிரப்புங்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் உருவாக்கப்பட்ட 'டிஸ்டேட்' என்ற மதிப்பீட்டுப் படிவம் ஏறக்குறைய இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. அதன் அடிப்படை எளிது: வலிக்கென்று எல்லோருக்கும் பொதுவான ஒரு முகபாவம் கிடையாது. ஒருவர் துன்பத்தில் இருக்கிறார் என்பதை, அவர் நிம்மதியாக இருந்த நிலையோடு ஒப்பிட்டால்தான் தெரியும். அதனால் இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கத்தால் பயனில்லை. பெரும்பாலானோர் அந்த இடப்பக்கத்தைத்தான் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள்.

யாரிடம் கேட்பது? தகவல் மருத்துவக் கோப்பில் இருக்காது. உடன்பிறந்தவர், பல வருடம் குளிப்பாட்டி விட்டவர், அறையைப் பகிர்ந்துகொள்ளும் நண்பர், பயிற்சி மையத்தில் பக்கத்தில் உட்காருபவர், இவர்களிடம் இருக்கும். "உடம்பு சரியில்லன்னா முதல்ல என்ன மாறும்?" என்று கேளுங்கள். "வலி வந்தா எப்படிச் சொல்வார்?" என்று கேட்டால் "அவருக்குச் சொல்லத் தெரியாது" என்று பதில் வந்துவிடும்.

அந்தத் தாளிலேயே அவர் பயன்படுத்தும் சொற்களையும் எழுதுங்கள். வலிக்கு ஒருவர் "உவ்வா" என்பார், இன்னொருவர் எல்லா வலியையும் "எரியுது" என்பார், வேறொருவர் "வயிறு" என்ற ஒரே சொல்லை நெஞ்சுக்கும் முதுகுக்கும் சேர்த்துச் சொல்வார். நமக்குக் குத்துது, கடுக்குது, உளையுது, இழுக்குது, காந்துது என்று எத்தனையோ இருக்கின்றன. அவரிடம் ஒன்றுதான் இருக்கலாம். அது எந்த ஒன்று என்று தெரிந்தால் போதும். தாளைக் கட்டிலருகே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். இரவு ஷிஃப்டுக்குப் புதிதாக வருபவருக்கு அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

படி 2: பேசுவதற்கு முன் காதும் கண்ணும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்டிருக்கிறாரா, காது கேட்கும் கருவி ஓடுகிறதா, காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் காது மந்தம் சகஜம். தொலைக்காட்சியை அணையுங்கள். நின்றுகொண்டு பேசாமல் அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். அவர் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மயக்கம் தரும் மருந்து கொடுத்த அரை மணியில் எதுவும் விளங்காது.

படி 3: "நீ"யா "நீங்க"ளா

ஐம்பது வயதுக்காரரைப் பார்த்த மாத்திரத்தில் "வா கண்ணா, சாப்டியா செல்லம்" என்று பேசுகிறோம். அவர் தலைக்கு மேலாக அக்காவைப் பார்த்து "இவன் நைட் தூங்கினானா?" என்று கேட்கிறோம். அன்பாகத்தான் கேட்கிறோம், ஆனாலும் அது அவரை அறையிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. வெளியாள் என்றால் "நீங்க" என்றே தொடங்குங்கள். அக்கா "டா" போட்டுப் பேசுவது அவர்கள் உறவு. அந்த உரிமை நமக்குத் தானாக வந்துவிடாது. அவரே விரும்பி அண்ணன், மாமா என்று ஓர் உறவை நமக்குக் கொடுத்தால் அதை ஏற்றுக்கொள்ளலாம். "உவ்வா" அவருடைய சொல் என்றால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையிடம் பேசும் குரலை அதோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாக்கியங்கள் சின்னதாக இருக்கட்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனம் நமக்குத்தான் சங்கடமாக இருக்கும், அவர் அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருப்பார். பொறுமையிழந்து வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால், அவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். திரும்பச் சொல்ல வேண்டி வந்தால் அதே சொற்களில் சொல்லுங்கள்.

தமிழில் சாவைச் சுற்றி மரியாதைச் சொற்கள் நிறைய. அவருக்கு அவை பொறிகள். "தவறிட்டாங்க" என்றால் எங்கோ கால் தவறி விழுந்துவிட்டார்கள் என்று நினைக்கலாம். "போயிட்டாங்க" என்றால் திரும்பி வருவார்கள் என்று வாசலில் காத்திருப்பார். "தூங்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டால் அன்றிரவு அவர் படுக்கவே பயப்படலாம். "இறந்துட்டாங்க" என்பதே சரியான சொல். "செத்துட்டாங்க" என்ற சொல்தான் அவருக்குப் பழக்கம் என்றால் அதையே சொல்லுங்கள். நம் காதுக்குக் கரடுமுரடாக இருக்கிறது என்பதற்காக அவரைக் குழப்ப வேண்டாம்.

படி 4: கேள்வி கேட்கும் முறை

அறிவுசார் குறைபாடு உள்ள பலர் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லப் பழகியவர்கள். ஆமா இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு "ஆமா" என்று தலையாட்டிவிடுவது அவர்களிடம் அதிகம் என்று ஆய்வாளர்கள் 1980-களிலேயே எழுதியிருக்கிறார்கள். இரண்டு தெரிவுகளைச் சொன்னால் கடைசியாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வதும் உண்டு. துண்டுக்காரர் "இல்ல" என்றது இதன் மறுபக்கம்: வலிக்குது என்றால் ஊசி வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஆகவே திருப்பிப் போட்டுக் கேளுங்கள். "உட்காரணுமா, படுக்கணுமா?" என்று கேட்டு "படுக்கணும்" என்று வந்தால், சற்று நேரம் கழித்து "படுக்கணுமா, உட்காரணுமா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் நம்பலாம். முடிந்தால் வாயால் கேட்பதைவிடக் காட்டிக் கேளுங்கள்: இரண்டு சட்டை, இரண்டு படம், இரண்டு தலையணை. பூஜ்யத்திலிருந்து பத்துவரை வலிக்கு எண் கேட்பதைப் பெரும்பாலானோரிடம் விட்டுவிடலாம். நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி என்ற ஒப்பீடும் பலருக்குக் கடினம். "இப்ப இங்க வலிக்குதா?" என்று இடத்தைத் தொட்டுக் கேட்பது பயன் தரும். வலிக்க வாய்ப்பே இல்லாத ஓர் இடத்தையும் தொட்டுக் கேளுங்கள். அங்கேயும் "ஆமா" என்றால் வார்த்தையை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்.

படி 5: வலியைக் கண்ணால் கேளுங்கள்

தலையைச் சுவரில் இடிப்பது, கையைக் கடித்துக்கொள்வது, சாப்பாட்டைத் தள்ளுவது, திடீரென்று அமைதியாகிவிடுவது, இவற்றைக் குணம் என்று எழுதிவிடாதீர்கள். புதிதாக வந்த எதுவும் முதலில் உடம்பின் செய்தி. புற்றுநோய் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் மேல் போடவும் வேண்டாம். பல், காது, சிறுநீர்த் தொற்று, நெஞ்செரிச்சல், படுக்கைப்புண், இறுகிய மலம் என்று வரிசையாகப் பாருங்கள். மலச்சிக்கலை நான் தனியாகவே சொல்வேன். இவர்களுக்கு அது ஏற்கனவே அதிகம். மார்ஃபின் போன்ற வலுவான வலி மருந்துகள் அதைக் கட்டாயம் கூட்டும். மலமிளக்கி இல்லாமல் மார்ஃபின் தொடங்கக் கூடாது. சில வேளை மலச்சிக்கல் உயிரையே எடுத்துவிடும்.

மருந்துச் சீட்டில் "தேவைப்படும்போது" என்று எழுதியிருக்கும் வலி மருந்தைக் கவனியுங்கள். தேவை என்று கேட்கத் தெரியாதவருக்கு அது எழுதாததற்குச் சமம். மருத்துவரிடம் பேசி, நேரத்துக்குத் தவறாமல் கொடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதல் டோஸை எந்த அறிகுறியைப் பார்த்துக் கொடுப்பது என்று அகராதித் தாளிலிருந்தே எழுதி வாங்குங்கள். எங்கள் துண்டுக்காரரின் சீட்டில் மருத்துவர் "துண்டைக் கையில் சுற்றினால்" என்றே எழுதிக் கொடுத்தார். வலியா வேறெதுவுமா என்று பிடிபடாதபோது, மருத்துவர் சொல்லும் அளவில் வலி மருந்து கொடுத்துப் பார்த்து, அறிகுறி குறைகிறதா என்று நேரம் போட்டு எழுதுவதும் ஒரு விசாரணைதான்.

படி 6: உண்மையைத் துண்டு துண்டாக

"தயவுசெஞ்சு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. தாங்க மாட்டான்." இதைச் சொல்லாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை. சொல்பவரிடம் வாதாட வேண்டாம். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதிலில் அவர்களுடைய சொந்தத் துக்கம்தான் வெளியே வரும். அதற்கு இடம் கொடுத்த பிறகு ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: அவர் ஏற்கனவே பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா அடிக்கடி வருகிறார், கண் சிவந்திருக்கிறது, பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, டாக்டர் வெளியே போய்ப் பேசுகிறார். காரணம் தெரியாதபோது அவராக ஒரு காரணத்தைச் செய்துகொள்வார். பல நேரம் அந்தக் காரணம், "நான் ஏதோ தப்பு செஞ்சுட்டேன்" என்பது. ஊசியைத் தண்டனை என்று நம்பிக்கொண்டு வாரக்கணக்கில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியைப் பார்த்த பிறகு, மறைப்பது இரக்கம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இந்தத் துறையில் நீண்ட நாள் ஆய்வு செய்துவரும் பேராசிரியர் ஐரீன் டஃப்ரி-வைன காட்டிய வழி எனக்கு மிகவும் உதவியது. கெட்ட செய்தியை ஒரே மூச்சில் சொல்லும் ஒரு சந்திப்பாக நினைக்காமல், நோயாளிக்குள் அறிவைச் சிறு துண்டுகளாக அடுக்குவது என்று அவர் அதைப் பார்க்கிறார். உலகத்தைப் பற்றி நோயாளிக்கு ஏற்கனவே தெரிந்தவை, இப்போது நடந்துகொண்டிருப்பவை, இனி நடக்கப்போகிறவை. முதலில் அவரிடம் என்ன துண்டு இருக்கிறது என்று பாருங்கள், அதன் பக்கத்தில் அடுத்ததை வையுங்கள்.

துண்டுக்காரரிடம் அது ஏறக்குறைய இப்படி நடந்தது. ஒரு நாள், என் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "உங்க வயித்துல ஒரு கட்டி இருக்கு" என்றேன். அவர் "கட்டி" என்று தன் வயிற்றைத் தொட்டார். அவ்வளவுதான், அன்று அதற்கு மேல் இல்லை. மறுநாள், "அந்தக் கட்டியாலதான் வயிறு வலிக்குது. நீங்க எந்தத் தப்பும் செய்யல." மூன்றாம் நாள் அவரே "கட்டி போச்சா?" என்று கேட்டார். "போகல. டாக்டரால அதை எடுக்க முடியாது. வலிக்கு மருந்து தருவோம்." ஒரு வாரத்துக்கு மேல் அந்த மூன்று செய்தித் துண்டுகளோடேயே இருந்தார். பிறகு ஒரு மத்தியானம், "அப்பா மாதிரியா?" என்றார்.

அந்தக் கேள்வியில் அவருடைய பழைய அறிவு முழுவதும் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார், இறந்தார், திரும்பி வரவில்லை. சாவு என்றால் உடம்பு முழுவதுமாக நின்றுவிடுவது, அதிலிருந்து திரும்ப முடியாது, எல்லோருக்கும் வரும், அதற்கொரு காரணம் இருக்கும்: இந்த நான்கில் எது அவருக்குப் பிடிபட்டிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். "நான் சாகப்போறேனா?" என்று நேராகக் கேட்டாலும், உடனே பதில் சொல்லாமல் "எதைப் பார்த்து அப்படித் தோணுச்சு?" என்று மெதுவாகக் கேளுங்கள். சிலருக்கு, இன்று ராத்திரி வலிக்குமா என்பதே உள்ளே இருக்கும் கேள்வி. உண்மையாகவே சாவைப் பற்றித்தான் கேட்கிறார் என்றால், "ஆமா. இந்த நோய் சரியாகாது. நீங்க இறந்துடுவீங்க. வலி வராம பார்த்துக்குவோம். உங்க கூட ஒருத்தர் இருப்போம்" என்று சொல்லலாம். "நான் கூடவே இருப்பேன்" என்று, ஷிஃப்ட் முடிந்து போகிறவர் சொல்லக் கூடாது. "நல்லா சாப்பிட்டா சரியாயிடும்" என்ற சமாதானத்தை எப்போதும் தவிர்த்துவிடுங்கள்; சாப்பிட முடியாமல் போகும்போது குற்றம் அவர் தலையில் விழும்.

எல்லோரிடமும் எல்லாத் துண்டையும் வைக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. "மூணு மாசம்" என்பது நாளைக்கா, அடுத்த வருடமா என்று பிரித்தறிய முடியாதவருக்குத் தொலைவில் உள்ளதைச் சொன்னால், அது இன்றே நடப்பதுபோல் தினமும் அஞ்சுவார். அவரிடம் இன்றைக்கு உள்ளதை மட்டும் பேசுங்கள். கேட்க விரும்பவில்லை என்று காதைப் பொத்திக்கொள்பவருக்கும் அந்த உரிமை உண்டு. எதைச் சொன்னோம், எந்தச் சொற்களில் சொன்னோம், அவர் என்ன திருப்பிச் சொன்னார் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். காலையில் ஒருவர் "கட்டி" என்றும், மாலையில் இன்னொருவர் "புண்ணு" என்றும் சொன்னால் அவருக்கு அது இரண்டு நோய்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பது, ஐம்பது வயதுகளிலேயே அல்சைமர் என்ற மறதி நோய் தொடங்குவது அதிகம். 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதே அதன் காரணம். மறதி கூடியவரிடம் நேற்று வைத்த துண்டு இன்று இருக்காது. ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோல் அவர் உடைந்துபோகிறார் என்றால், செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் அவர் இப்போது உணர்வதற்குப் பதில் சொல்லுங்கள்: "பயமா இருக்கா? இங்கதான் இருக்கேன்."

படி 7: முடிவுகளில் அவர் பங்கு

ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, சட்டத்தின் முன் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டு என்றும், அதைப் பயன்படுத்தத் தேவையான ஆதரவைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் அதன் பொருள்: "இவருக்குப் புரியாது" என்று கையெழுத்தை வேறொருவரிடம் வாங்குவதற்கு முன், புரியவைக்க என்னென்ன செய்து பார்த்தோம் என்பதற்கு நம்மிடம் பதில் இருக்க வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாக உடம்பில் செலுத்தும் சிரிஞ்ச் பம்பை விளக்காதீர்கள், கையில் கொடுங்கள். ஆக்சிஜன் மாஸ்க்கை முதலில் உங்கள் முகத்தில் போட்டுக் காட்டுங்கள். பெரிய சிகிச்சையின் நன்மை தீமை அவருக்கு எட்டாமல் போகலாம். எங்கே படுப்பது, யார் பக்கத்தில் இருப்பது, எந்தப் பாட்டு, விளக்கு அணைக்கலாமா என்பதெல்லாம் எட்டும். ஊசியைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொள்வதும் ஒரு பதில்தான். அதையும் எழுதுங்கள், வேறொரு நாள் மறுபடியும் கேளுங்கள்.

படி 8: பேச்சே இல்லாதவரிடம்

அருகில் உட்கார்ந்து அவர் மூச்சைக் கவனியுங்கள். அவர் ஓர் ஒலி எழுப்பினால் அதே ஒலியை மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள். விரலால் கட்டிலைத் தட்டினால் நீங்களும் தட்டுங்கள். முதலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு அவர் நிறுத்திவிட்டு உங்களுக்காகக் காத்திருப்பார். அங்கே உரையாடல் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு வேலைக்கும் முன் ஒரே பொருளைத் தொடக் கொடுத்தால் அது சொல்லாகவே ஆகிவிடும்: ஈரத் துணி என்றால் குளியல், கரண்டி என்றால் சாப்பாடு. சொல்லாமல் திடீரென்று புரட்டிப் படுக்க வைப்பதுதான் இவர்களுக்கு நாம் தினமும் செய்யும் கொடுமை. புரியாது என்று தோன்றினாலும் "இப்ப திரும்பிப் படுக்கப்போறோம்" என்று சொல்லி, தோளில் கை வைத்துச் சற்று நிறுத்திய பிறகு செய்யுங்கள்.

படி 9: கடைசி நாட்களும் உடன் வாழ்ந்தவர்களும்

முடிந்தவரை ஆட்களையும் அறையையும் மாற்றாதீர்கள். பழகிய ஒரு முகம் பல மருந்துக்குச் சமம். மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றால் அகராதித் தாளும், அவரை அறிந்த ஒருவரும் கூடவே போகட்டும்.

இல்லத்தில் கூட வாழ்ந்தவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு இருந்தால், "இவங்களுக்கு என்ன தெரியும்" என்று ஒரே ராத்திரியில் கட்டிலைக் காலி செய்துவிடுகிறோம். துக்கம் அவர்களுக்கு ஆறு மாதம் கழித்துக்கூட வரும். சாப்பிடாமல், அடித்துக்கொண்டு, படுக்கையில் சிறுநீர் கழித்து வரும். அப்போது யாருக்கும் காரணம் நினைவில் இருக்காது. உயிரோடு இருக்கும்போதே வந்து பார்க்க விடுங்கள், இறந்த பிறகும் அவர்கள் விரும்பினால் பார்க்கவும் தொடவும் விடுங்கள், இறுதிச் சடங்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். "எங்க அவர்?" என்று தினமும் கேட்பார்கள். நமக்கு அலுப்பு வரும். ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், அதே நிதானத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று பணியாளர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுக்காரரின் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் கேட்டார். தினமும் சொன்னோம். அந்தத் துண்டை அக்கா அவரிடமே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அதன் பிறகு ஒரு நாள், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் காலிக் கட்டிலைக் காட்டி யாருடையது என்று கேட்டார். எங்களுக்கு முன் அவரே பதில் சொன்னார்: "அவர் இறந்துட்டார். இனிமே வர மாட்டார். துண்டு எங்கிட்ட இருக்கு."